தூக்கிவிட ஆள் இருந்தால் போதாது

"நாலு பேர் இருக்கோமே, தூக்கிக்கிட்டுப் போயிட மாட்டோமா?"

சக்கர நாற்காலியில் இருப்பவரை வெளியே அழைத்துப் போகும் பேச்சை எடுத்தால் நம் ஊர்களில் வருகிற முதல் பதில் இது. ரயில் நிலையத்தில் லிஃப்ட் கேட்டாலும் இதே பதில்தான். படகுத்துறையில் சாய்தளம் கேட்டாலும், கோயில் வாசலில் ஒரு கைப்பிடி கேட்டாலும் இதே பதில்தான். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பலர் உண்மையாகவே ஓடி வந்து தூக்குவார்கள். ஆனாலும் மாற்றுத்திறனாளிகளை வீட்டுக்குள் முடக்கி வைத்ததில் இந்த நம்பிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆள் இருந்தால் வழி வேண்டாம் என்பது பொய். அந்தப் பொய்யை அன்பின் பெயரால் சொல்வதால் அதை எதிர்ப்பதும் கடினமாகிவிட்டது.

எளாவூரை எடுத்துக்கொள்வோம். சென்னை - கூடூர் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம். கிழக்கே பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். தெற்கே போனால் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய பழவேற்காடும் அவர்களுடைய பழைய கல்லறைகளும். வடக்கே ஆந்திர எல்லைக்குள் நேலப்பட்டு பறவைகள் சரணாலயம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை நிறைவாகக் கழிக்க இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

நடக்க முடிந்தவர்கள் மட்டும் உள்ள குடும்பம் காலையில் முடிவு செய்து, சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். கால் செயலிழந்தவர் இருக்கும் வீட்டில் யார் தூக்குவது என்பதே முதல் கேள்வி. வாசற்படியில் தூக்க வேண்டும். ஆட்டோவில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். ரயிலுக்கும் நடைமேடைக்கும் உள்ள இடைவெளியைத் தாண்ட வேண்டும். எதிர் நடைமேடைக்குப் போக, பெரும்பாலான சிறு நிலையங்களில் இருப்பது படிக்கட்டுப் பாலம்தான். கரைக்கு வந்து சேர்ந்தால் சேறும் மணலும். திரும்பும்போது இத்தனையும் மறுபடி. தூக்கும் கை ஓரிடத்தில் தவறினாலும் விழுவது தூக்கப்படுகிறவர்தான்.

தூக்கப் போவது யார் என்றும் கேட்க வேண்டும். உடல் வலு உள்ள ஆண்கள் விடியுமுன் வலையோடு தண்ணீரில் இருப்பார்கள், அல்லது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்டில் இருப்பார்கள். வீட்டில் இருப்பது அம்மா, மனைவி, அக்கா. பத்து வயது மகனைத் தூக்கிய தாயால் முப்பது வயது மகனைத் தூக்க முடியாது. அவனுக்கு வயது ஏற ஏற அவளுடைய முதுகும் முழங்காலும் தேய்கின்றன. சில மின்சக்கர நாற்காலிகளின் எடையே ஓர் ஆளின் எடைக்கு மேல் போகும்.

தூக்கப்படுகிறவரின் இடத்தில் நின்றும் பார்க்க வேண்டும். அறிமுகமில்லாத ஆண்கள் அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்குவதை ஓர் இளம்பெண் நன்றியோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? வழியில் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை கிடையாது என்பதால், வெளியூர் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்கள் உண்டு. எத்தனை பேர் கூட வந்தாலும் அந்தத் தாகத்துக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் தூக்குவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கோலால் தட்டி உணரக்கூடிய தரையும் குரல் அறிவிப்பும் ஒருவருக்கு வேண்டும். கண்ணால் படிக்கும் அறிவிப்புப் பலகை மற்றவருக்கு வேண்டும்.

கடைசியில் என்ன நடக்கிறது? "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று அவரே சொல்லிவிடுகிறார். பிறருக்குப் பாரமாகக் கூடாது என்பதற்காகச் சொன்ன அந்தச் சொல்லை, அவருக்கு ஆசையில்லை என்று குடும்பம் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பக்கம் மாற்றுத்திறனாளிகள் யாரும் வருவதே இல்லையே, யாருக்காகக் கட்டுவது என்று அதிகாரி கேட்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். சுற்றுலா இடங்களில் அவர்களைக் காணவில்லை என்றால், வழி அடைபட்டிருப்பதற்கு அதுவே சாட்சி.

"மருந்தும் உதவித்தொகையும் வேலையுமே சரியாகக் கிடைக்கவில்லை, இதில் உல்லாசமா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஏரிக்குப் போகும் ரயிலில்தான் மருத்துவமனைக்கும் போகிறோம். நிலையத்தில் லிஃப்ட் வந்தால் அது பொழுதுபோக்கப் போகிறவரை மட்டும் பிரித்துப் பார்த்து ஏற்றாது. வேலைக்குப் போகிறவரையும், கர்ப்பிணியையும், மூட்டுவலிக்காரரையும், மீன் கூடையோடு வரும் பெண்ணையும் ஏற்றும். அது ஒருபுறம் இருக்கட்டும். பூநாரை பார்ப்பதற்கு மருத்துவக் காரணம் எதற்கு? பார்க்க ஆசைப்படுவதே போதுமான காரணம். மற்றவர்களிடம் நாம் வேறு காரணம் கேட்பதில்லை.

தூக்கிவிட ஆள் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையால் அதிகம் பயனடைவது அரசுதான். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை. ரயிலிலும் இருவருக்கும் சலுகை உண்டு. தேவையான உதவிதான். ஆனால் கட்டணத்தை விட்டுக்கொடுத்த அரசு படிக்கட்டை விட்டுக்கொடுக்கவில்லை. உடன் வருபவர் தூக்கிவிடுவார் என்ற கணக்கு அந்தச் சலுகைக்குள்ளேயே இருக்கிறது. சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின என்றால், அதற்குப் பின்னால் உயர் நீதிமன்றம் வரை போன போராட்டம் இருக்கிறது.

2001 ஜனவரியில், சக்கர நாற்காலியில் இயங்கிய இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தார். குதுப் மினார், ஜந்தர் மந்தர் போன்ற இடங்களை அவர் பார்ப்பதற்காகத் தொல்லியல் துறை தற்காலிக மரச் சாய்தளங்களை அமைத்தது. பழஞ்சின்னங்களில் கை வைக்க முடியாது என்ற வாதம் அந்த வருகையோடு உடைந்தது. உலகப் புகழ்பெற்ற விருந்தாளிக்கு முடிந்தது உள்ளூர்க் குடிமகனுக்கு முடியாது என்றால், தடையாக இருந்தது கல்லோ பணமோ அல்ல என்பது தெளிவு.

மெரினாவிலும் இதையே பார்த்தோம். முன்பு சில ஆண்டுகள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் கடல்வரை தற்காலிகப் பாதை போடுவார்கள். மற்ற நாட்களில் கடல் அவர்களுக்கு இருக்கவில்லை. இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததன் விளைவாக 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை நிரந்தரமாகத் திறக்கப்பட்டது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். அலையில் கால் நனைப்பது என்றால் என்னவென்று பெரியவர்களான பிறகு முதல்முறையாக அறிந்தவர்கள் அங்கே வந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் பாதையின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியபோது, வீண்செலவு என்ற பேச்சு எழுந்தது. புயலில் சாலை அரித்தால் சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. மாநகராட்சி பழுதுபார்த்து மீண்டும் திறந்தது, அதுதான் சரி.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் சமமாகப் பங்கேற்பதை உரிமையாகச் சொல்கிறது. 41ஆவது பிரிவு பேருந்து நிறுத்தங்களையும் ரயில் நிலையங்களையும் பற்றிப் பேசுகிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சீரமைக்க 45ஆவது பிரிவு தந்த ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இவற்றில் எதுவும் "தூக்கிவிட ஆள் இருந்தால் விலக்கு" என்று சொல்லவில்லை.

பழவேற்காட்டில் படகு என்றதும் 2011 டிசம்பர் 25 நினைவுக்கு வரும். அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். "நல்லா இருக்கிறவங்களுக்கே இப்படி, இவங்களை ஏத்தலாமா?" என்று கேட்பவர்கள் அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்ன என்பதை யோசிக்க வேண்டும். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதும் உயிர்காப்பு உடை இல்லாததும்தான் காரணம். யாருடைய உடற்குறையும் அந்தப் படகைக் கவிழ்க்கவில்லை. பாதுகாப்பு விதிகள் எல்லோருக்கும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளை மட்டும் கரையில் நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது.

விதியின் அருமை இந்த ஏரிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. இறால் கிடைக்கும் நல்ல இடங்களில் வலை கட்டுவதற்குத் தலைக்கட்டுகளுக்குள் முறை வைத்துக்கொள்வார்கள். வலுத்தவன் விட்டுக்கொடுப்பான், பெரிய மனது பண்ணுவான் என்று யாரும் காத்திருப்பதில்லை. இன்றைக்கு என் முறை என்று ஏழையும் தலைநிமிர்ந்து போய் வலை கட்டலாம். அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகங்களும் உண்டு; அந்த நியாயம் இன்னும் விரிய வேண்டும். ஆனாலும் பிழைப்பைப் பிறர் தயவில் விடக்கூடாது என்ற அறிவு இந்தக் கரையில் எப்போதோ வந்துவிட்டது. அதே அறிவை ஒரு மனிதரின் ஞாயிற்றுக்கிழமைக்கும் பொருத்துங்கள் என்பதே கோரிக்கை.

செய்ய வேண்டியவை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் கைப்பிடியோடு சாய்தளம். இதை எந்தக் கொத்தனாரும் கட்டுவார். சக்கர நாற்காலி உள்ளே போய்த் திரும்பக்கூடிய ஒரு கழிப்பறை. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் ஏரிப் பக்கம் வரும் தடங்களில் தாழ்தளப் பேருந்து. சிறு ரயில் நிலையங்களில் படி ஏறாமல் மறுபக்கம் போக வழி. கரையில், பறவைகள் தெரியும் இடத்தில், உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய தளம். இவற்றைத் திட்டமிடும்போது அந்தந்த ஊர் மாற்றுத்திறனாளிகளையே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எந்தப் படி தடுக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அதுவரை தூக்குகிறவர்கள் தூக்கட்டும்; அந்தக் கைகளுக்கு நன்றி. ஆனால் ஊராட்சிக் கூட்டத்தில் சாய்தளம் பற்றிய பேச்சு வரும்போது "நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி அதை முடித்து வைக்காதீர்கள். தூக்கிய கையை அங்கே உயர்த்தி, கட்டித் தாருங்கள் என்று கேளுங்கள். ஒருவர் தான் நினைத்த நாளில், தான் நினைத்த இடத்துக்கு, யாரையும் கெஞ்சாமல் போய்வர முடிந்தால்தான் அதற்குப் பயணம் என்று பெயர்.