விடுபட்ட நாலு நிமிடங்கள்

அக்கா மகன் புனேயில் பொறியியல் படிக்கிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இசைத்தட்டுக் கடை ஒன்றில் நின்றுகொண்டு கூப்பிட்டான். “மாமா, லினர்ட் ஸ்கினர்டோட கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரெக்கார்டு ஒண்ணு இருக்கு. ரெண்டாயிரத்து நானூறு சொல்றாங்க. வாங்கலாமா?”

அந்தக் குழு பாடிய அத்தனையும் அவன் கைப்பேசியிலேயே கேட்கும். இருந்தும் ஒரு கறுப்புத் தட்டுக்காக மெஸ் பணத்தில் கை வைக்கத் துணிந்திருக்கிறான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சட்டென்று பதில் சொல்ல முடியாததற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

2002இல் தமிழ் எம்.ஏ. பட்டத்தோடு வேலை தேடி நான் தில்லிக்கு வந்தபோது, அறையைப் பகிர்ந்துகொண்டவர் ஷில்லாங்காரர். அந்த ஊரில் கிதார் தெரியாத தெரு கிடையாது என்பார். நான் புறப்பட்ட நாளில், தான் பொறுக்கிப் பதிவு செய்த 60 நிமிட கேசட் ஒன்றைக் கையில் திணித்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ஃப்ரீ பேர்ட்’. பிரிந்து போகிறவன் தன்னை நேசிப்பவளிடம் சொல்லிக்கொள்ளும் பாட்டு. ஆர்கனும் மெல்லிய கிதாருமாகத் தளர்ந்து நடக்கும். சுமார் ஐந்தாவது நிமிடத்தில் ‘டக்’கென்று நாடா தீர்ந்துவிடும். பாட்டே அவ்வளவுதான் என்று இரண்டு வருடம் நம்பியிருந்தேன். ஒப்பாரியில் தொண்டை அடைத்து நிறுத்துவது போன்ற முடிவு என்று வியந்து, நண்பர்களிடம் அதற்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஒருவர் வீட்டில் முழுப் பாட்டையும் கேட்டேன். நாடா தீர்ந்த இடத்தில்தான் பாட்டு ஓடவே தொடங்குகிறது. நாலு நிமிடத்துக்கு மேல் கிதார்கள் மூச்சுவிடாமல் பறக்கின்றன. சொல்லிக்கொண்டு நின்றவன் உண்மையிலேயே போய்விடுகிறான். நான் இரண்டு வருடம் கேட்டது விடைபெறுதலை மட்டும்; புறப்பாட்டைக் கேட்கவே இல்லை. மருமகனின் கேள்வி எனக்குச் சிக்கலானது இதனால்தான். ஒரு தொகுப்பு எதைத் தருகிறது என்பதைவிட எதை வெட்டுகிறது என்று கேட்கப் பழகிவிட்டேன்.

குழுவைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள ஜாக்ஸன்வில் நகரத்துப் பையன்கள். ரானி வான் ஸான்ட் பாடினார். கேரி ராஸிங்டனும் ஆலன் காலின்ஸும் கிதார். நீளமுடி வைக்கக் கூடாது என்று பள்ளியில் விரட்டிய உடற்பயிற்சி ஆசிரியர் லெனர்ட் ஸ்கின்னரின் பெயரைத் திரித்துக் குழுவுக்குச் சூட்டினார்கள். சாமான் தூக்க வந்த பில்லி பவல், ஒரு பள்ளி விழாவில் ‘ஃப்ரீ பேர்ட்’டுக்குத் தானாகவே பியானோ முன்னிசை வாசித்துக் காட்ட, அன்றிலிருந்து குழுவில் ஒருவரானார். கறுப்பின மக்களின் ப்ளூஸ், கிராமத்து கண்ட்ரி, முழக்கமான ராக் மூன்றும் சேர்ந்த இந்த இசைக்கு ‘ஸதர்ன் ராக்’ என்று பெயர். முதல் ஆல்பம் 1973இல் வந்தது.

இனி கணக்கு. வான் ஸான்ட் இருந்த காலத்தில், 1973 முதல் 1977 வரை, குழு வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் ஐந்து. பாடல்கள் மொத்தம் 41. ஆனால் அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்த தொகுப்புகளோ பல. 1979இல் வந்த ‘கோல்ட் அண்ட் பிளாட்டினம்’ தொடங்கிப் பெயரை மாற்றி, உறையை மாற்றி வந்துகொண்டே இருக்கின்றன. முப்பது வருடம் பாடிய ஒருவருக்குத் தொகுப்பு தேவைப்படலாம். 41 பாட்டுக்கு எதற்கு இத்தனை வடிகட்டி?

வடிகட்டியில் தங்குவதும் ஒரே ரகம்தான்: வானொலியில் ஓடியவை, கூட்டத்தை ஆடவைத்தவை. முதல் ஆல்பத்தில் ‘திங்ஸ் கோயின் ஆன்’ என்று ஒரு பாட்டு. கடல் கடந்த போருக்கும் நிலவுப் பயணத்துக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு உள்ளூர் ஏழைகளை மறந்தவர்களைக் கேள்வி கேட்பது. ஒற்றைத் தட்டுத் தொகுப்பில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. அப்படிப்பட்டவை உதிர்ந்துபோனால், விஸ்கியும் கொடியுமாக ஆர்ப்பரிக்கும் கும்பல் என்ற சித்திரம்தான் மிஞ்சும்.

கொடி என்றால், அடிமை முறையைக் காக்க 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடத்திய தென் மாநிலங்களின் கொடி. அதை மேடையில் பின்திரையாகத் தொங்கவிட்டவர்கள் இவர்கள். 2012இல் அதைக் கைவிடப் போவதாக ராஸிங்டன் சொன்னார். ரசிகர்கள் கொதித்ததும் பின்வாங்கினார். அந்தப் பழியையும் சேர்த்துத்தான் இவர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

எந்தத் தொகுப்பிலும் தவறாமல் இருக்கும் ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறியது. கேட்டால் சொந்த ஊர்ப் பெருமை பாடும் குதூகலப் பாட்டு. ஆனால் எழுதிய மூவரில் ஒருவர்கூட அலபாமாக்காரர் இல்லை. வான் ஸான்டும் ராஸிங்டனும் ஃப்ளோரிடா, எட் கிங் கலிஃபோர்னியா. தெற்கத்தியரின் இனவெறியைச் சாடி கனடாப் பாடகர் நீல் யங் 1970இலும் 1972இலும் எழுதிய இரு பாடல்களுக்கு இது பதில். கறுப்பின மாணவர்களைப் பல்கலைக்கழக வாசலில் மறித்த ஆளுநர் ஜார்ஜ் வாலஸையும் தொட்டுச் செல்கிறது. அது பாராட்டா, கிண்டலா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. பின்னணியில் எழும் எதிர்ப்புக் குரலைச் சிலர் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

அதே பாட்டில் பின்பாட்டுப் பாடியவர்களில் இருவர் மெரி கிளேட்டன், கிளைடி கிங். இருவரும் கறுப்பினப் பெண்கள். 1963இல் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றது கிளேட்டனுக்கு நினைவிருந்தது. அந்த மாநிலத்தைப் புகழ்ந்து பாட முதலில் மறுத்தார். கணவர் பேசி இணங்க வைத்தார். எதிர்ப்புணர்வோடுதான் பாடினேன் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். இது தெரிந்தபின் அந்தப் பாட்டைப் பழைய காதால் கேட்க முடிவதில்லை.

நாங்கள் தமிழ் படித்தவர்கள் தொகுப்பை இளப்பமாகப் பேச முடியாது. தொகுத்தவர்கள் இல்லாவிட்டால் சங்கப் பாட்டே இல்லை. ஆனால் புறநானூற்றைத் தொகுத்த மரபு பாட்டை மட்டும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. இன்ன திணை, இன்ன துறை, இன்னாரை இன்னார் பாடியது என்று பாட்டின் அடியில் குறிப்பையும் விட்டுச் சென்றது. அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால் பல பாடல்களில் யார் யாரிடம் எதற்காகப் பேசுகிறார் என்று இன்று தடவிக்கொண்டிருப்போம். ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’வுக்கும் அப்படி ஒரு குறிப்பு வேண்டும்.

கடைசி ஆல்பத்துக்கு அது இன்னும் அவசியம். ‘ஸ்ட்ரீட் ஸர்வைவர்ஸ்’ 1977 அக்டோபர் 17 அன்று வெளியானது. உறையில் குழுவினரைச் சூழ்ந்து தீ எரிகிறது. வான் ஸான்ட் அணிந்திருப்பது நீல் யங் படம் போட்ட பனியன்; சண்டை எவ்வளவு ஆழம் என்பதற்கு அதுவும் ஒரு குறிப்பு. மூன்றாம் நாள், அக்டோபர் 20 அன்று, அவர்களை ஏற்றிச் சென்ற வாடகை விமானம் எரிபொருள் தீர்ந்து மிஸிஸிப்பியின் கில்ஸ்பர்க் அருகே காட்டில் விழுந்தது. 26 பேரில் 6 பேர் இறந்தனர். 29 வயது வான் ஸான்ட், ஓராண்டுக்கு முன்புதான் குழுவில் சேர்ந்த கிதார் கலைஞர் ஸ்டீவ் கெய்ன்ஸ், அவரைப் பரிந்துரைத்த அக்காவும் பாடகியுமான காஸி கெய்ன்ஸ் ஆகியோர் அவர்களில் அடக்கம். நிறுவனம் அந்தத் தீ உறையை விலக்கிக்கொண்டது. அதே ஆல்பத்தில் இருக்கிறது ‘தட் ஸ்மெல்’, போதையில் ஆட்டம் போட்டால் சாவுதான் முடிவு என்று எச்சரிக்கும் பாட்டு. தொகுப்பில் அது 1974இன் உற்சாகப் பாட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் வெறும் இன்னொரு பாட்டு.

குழு 1987இல் ரானியின் தம்பி ஜானியோடு மீண்டும் மேடையேறியது. தொடக்கத்தில் இருந்தவர்களில் கடைசியாக மிஞ்சிய ராஸிங்டன் 2023 மார்ச்சில் காலமானார். இனி புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. பொறுக்குவதும் அடுக்குவதும்தான் பாக்கி.

அப்படியானால் தொகுப்பு வாங்கத் தகுந்ததா? கேசட் காலத்தில் தகுந்தது. அது ஒரு வாசல். ஷில்லாங்காரரின் அரைகுறை நாடா இல்லாவிட்டால் எனக்கு இந்த இசையே வாய்த்திராது. இன்று அந்த வாசல் வேலையைக் கைப்பேசி இலவசமாகவோ சில்லறைக் காசுக்கோ செய்துவிடுகிறது. புகழ்பெற்ற பத்துப் பாட்டை அங்கே கேட்டுவிட்டவன், அதையே மறுபடி பணம் கொடுத்து வாங்குவானேன்? இந்த இசை அறவே தெரியாத ஒருவருக்குப் பரிசாகத் தரலாம், தவறில்லை. அப்போதும் ‘ஃப்ரீ பேர்ட்’ முழுதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1974இல் வானொலிக்காகக் குழுவின் நிறுவனமே அதை ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக வெட்டித் தனித்தட்டாக வெளியிட்டது. கத்தரி போட்டது எங்கள் நாடா மட்டுமல்ல.

அன்று மாலை மருமகனைக் கூப்பிட்டேன். “தொகுப்பு வேண்டாம்டா. 1973ஆம் வருஷத்து முதல் ஆல்பத்தைக் கேட்டுப் பாரு. எட்டே பாட்டு.”

“அது இந்தக் கடையில இல்லையாம் மாமா. வரவழைக்க மூணு வாரம் ஆகுமாம்.”

“மூணு வாரம் தாங்காதா? வந்ததும் எட்டாவது பாட்டுல மட்டும் நடுவுல முள்ளைத் தூக்கிடாதே. ஒன்பது நிமிஷம். உட்கார்ந்து கேளு.”