குட்டை மரம் நோஞ்சான் மரமல்ல

போன்சாய் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது ‘பாவம், அந்த மரம்’ என்பதுதான். ஓங்கி வளர வேண்டியதை வேரை நறுக்கி, கிளையைக் கம்பியால் முறுக்கி, பட்டினி போட்டுக் குட்டையாக்குகிறார்கள் என்று நம்புகிறோம். இந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால், அந்தப் பட்டினிக் கதை உண்மையில்லை. ஜப்பானியர் பைன் மரத்தைத் தோட்டத்திலும் தட்டிலும் வளர்க்கும் முறையைப் பார்த்தால், நல்ல தெம்புள்ள மரத்தைத்தான் குட்டையாக வைத்திருக்க முடியும் என்பது விளங்கும்.

ஜப்பானின் கடலோரங்களில் வளரும் கறுப்புப் பைனை எடுத்துக்கொள்வோம். வசந்தத்தில் அதன் கிளை நுனிகளில் மெழுகுவத்தி போல நிமிர்ந்து புதுக் குருத்துகள் வரும். ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ தோட்டக்காரர் அவற்றை அடியோடு வெட்டிவிடுவார். சில வாரங்களில் அதே இடத்தில் மரம் மறுபடி துளிர்க்கும். கோடையின் மிச்ச நாட்களே கையிலிருப்பதால் இரண்டாவதாக வரும் ஊசியிலைகள் குட்டையாகவே நின்றுவிடும். சிறிய மரத்துக்குப் பொருந்தும் சிறிய இலை இப்படித்தான் கிடைக்கிறது. ஒரே ஆண்டில் இருமுறை துளிர்க்க மரத்துக்குள் சேமிப்பு வேண்டும். அதற்காகவே வசந்தம் முழுவதும் உரமிட்டு ஊட்டி வளர்க்கிறார்கள். சோர்ந்த மரத்தில் அந்த ஆண்டு கத்தரியே வைப்பதில்லை. இலையுதிர் காலத்தில் பழைய ஊசிகளைக் கையால் உருவி, உள்கிளைகளுக்கு வெயில் படச் செய்வார்கள். அப்போதும் கிளையை மொட்டையாக்குவதில்லை. பச்சை முழுவதையும் இழந்த பைன் கிளை பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது, பட்டுப்போகும். எவ்வளவு வெட்டலாம் என்ற எல்லையை மரமே வகுக்கிறது. கத்தரி பிடிப்பவர் அதற்குப் பணிந்தாக வேண்டும்.

ஜப்பானின் தகாமத்சு நகரிலுள்ள ரிட்சுரின் தோட்டத்தில் சுமார் 1,400 பைன்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ ஆயிரம் மரங்கள் ஆண்டுதோறும் கையால் கவாத்து செய்யப்படுபவை. அங்குள்ள ஐந்தூசிப் பைன் ஒன்று, 1833-இல் அன்றைய ஜப்பானிய ஆட்சியாளரான ஷோகன் தொகுகவா இயெனாரி தட்டில் வைத்துப் பரிசளித்த போன்சாய். தரையில் நட்டார்கள், இன்று சுமார் 8 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தட்டில் வளர்ந்த காலம் அதன் வளரும் திறனைப் பறித்துவிடவில்லை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய மரத் தோட்டத்தில் இன்னொரு சான்று இருக்கிறது. 1625 முதல் பேணப்பட்டுவரும் ஐந்தூசிப் பைன் அது. 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், யமாகி குடும்பத்தின் வளாகச் சுவருக்குப் பின்னால் பிழைத்தது. அந்தக் குடும்பம் 1976-இல் அதை அமெரிக்காவுக்குக் கொடையளித்தது. பட்டினி கிடந்த மரம் நானூறு ஆண்டு வாழாது.

‘எப்படியிருந்தாலும் இயற்கைக்கு மாறானதுதானே?’ என்று கேட்கலாம். நீலகிரியில் இடுப்பளவு நிற்கும் தேயிலைச் செடி, கவாத்து இல்லாவிட்டால் மரமாகிவிடும். அதைக் கொடுமை என்று நாம் சொல்வதில்லை. வேரை வெட்டுகிறார்களே என்றால், நீரையும் சத்தையும் உறிஞ்சுவது நுனியிலுள்ள மெல்லிய இளவேர்கள்தாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதிர்ந்த வேரைக் குறைத்து மண் மாற்றினால் இளவேர்கள் பெருகும். பைனுக்கு அப்போதும் பழைய மண்ணில் ஒரு பகுதியை விட்டுவைப்பார்கள். வேரோடு கூடி வாழும் பூஞ்சை அதில் இருக்கிறது. ஆனால் இரண்டு குற்றச்சாட்டுகளை மறுக்க முடியாது. மலையில் தானாக வளர்ந்த முதிய மரங்களைப் பெயர்த்து வந்து விற்பது ஒன்று. கட்டிய கம்பியைக் காலத்தில் அவிழ்க்காமல் பட்டைக்குள் புதையவிடுவது மற்றொன்று. முதலாவதற்குத் தேவையே இல்லை என்பதைத் தகாமத்சுவின் கினாஷி, கொகுபுன்ஜி பகுதி விவசாயிகள் காட்டுகிறார்கள்: ஜப்பானின் பைன் போன்சாய்களில் சுமார் 80 விழுக்காடு அங்கேதான் உற்பத்தியாகிறது, வயலில் பயிராக வளர்த்து. இரண்டாவது, வளர்ப்பவரின் அசட்டை, அதற்கு மன்னிப்பில்லை.

தெம்புதான் அடிப்படை என்றால், ஊருக்கேற்ற மரத்தைத் தேர்வதும் அதில் அடங்கும். கறுப்புப் பைனுக்கு ஆண்டுதோறும் குளிர்கால ஓய்வு வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் அந்தக் குளிர் கிடையாது. படத்தில் பார்த்த அழகுக்காக அதை வாங்கி மொட்டைமாடி வெயிலில் வைப்பதைத்தான் நான் கொடுமை என்பேன். நம் வெயிலைத் தாங்கும் ஆல், அரசு, புளி, காகிதப்பூ எல்லாமே தட்டில் அழகாக வளரும். வாங்கும் முன், நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களில் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் இருக்கிறாரா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.