குட்டை மீன் எத்தனை?

குளிர்காலத்தில் மீன்பாடு நன்றாக இருந்தால் பெருமை தூண்டில்காரருக்கு. மங்கிவிட்டால் பழி மீன் தின்னும் சீலுக்கு (கடல்நாய்). வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் உள்கடலில் சால்மன் பிடிப்பவர்களின் பேச்சும் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான் சுற்றுகிறது.

அங்கே குளிர்காலத்தில் மாட்டுவது ஆறேறத் திரும்பும் முதிர்ந்த சினூக் சால்மன் அல்ல. பெருங்கடலுக்குப் போகாமல் உள்கடலிலேயே மேயும் இளம் சினூக். ஈறு கறுத்திருப்பதால் 'பிளாக்மவுத்' என்கிறார்கள். இரை இருக்கும் இடமே அதற்கு இடம். ஹெரிங் கூட்டத்தையும், மணலில் புதையும் சேண்ட் லான்ஸையும் தேடி அடித்தரையை ஒட்டித் திரியும். ஈயக்குண்டு கட்டித் தூண்டிலைத் தரைவரை இறக்குபவருக்குக் கிடைக்கும். கைத்திறமை செல்லுபடியாவது இவ்வளவுக்குத்தான்.

எத்தனை மீன் இருக்கும் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. குஞ்சுகள் கடலுக்கு இறங்கியவுடன் இரைகொல்லிகளிடம் ஒரு பங்கு போகும். முதல் கோடைக்குள் போதிய அளவு வளராதவை அடுத்து வரும் குளிரைத் தாண்டாது. கோஹோ சால்மனை வைத்து பீமிஷும் மான்கனும் 2001-இல் முன்வைத்த கருத்து இது. பொரிப்பகத்துக்கும் பங்கு உண்டு. குஞ்சுகளைச் சில மாதங்களில் விடாமல் ஓராண்டுக்கு மேல் வளர்த்து விட்டால், உள்கடலிலேயே தங்குபவை கூடுகின்றன. ஆக, இந்த ஆண்டின் 'நல்ல பருவம்' இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கோடையின் விளைச்சல்.

பியூஜெட் சவுண்ட் சினூக் 1999 முதல் அழியும் ஆபத்துள்ள உயிரினப் பட்டியலில் இருக்கிறது. கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்ட பொரிப்பக மீனைத்தான் எடுக்கலாம். அதுவும் 22 அங்குலம் இருந்தால். மற்றவற்றைப் படகுக்குள் தூக்கவே கூடாது, நீரிலேயே கழற்றிவிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், விட்ட மீனும் கணக்கில் ஏறும். மாட்டிய மீன்களின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டால் அந்தப் பகுதி மூடப்படும். அந்த 22 அங்குலத்தை எட்டாத குட்டை மீன் மொய்க்கும் குளிர்காலம் சீக்கிரமே முடிந்துபோகலாம். வந்து போகும் செலவும் மீன் எடுக்க முடியாத ஏமாற்றமும் சேர, தூண்டில்காரர்கள் கொதிக்கிறார்கள். கோபம் நியாயம்தான்.

ஆனால் என் கண்ணுக்கு, அந்தக் கணக்கில் உருப்படியானது குட்டை மீன் பத்திதான். படகுக்கு எத்தனை என்ற கணக்கு ஏமாற்றும். மீன் திரளும் இடத்தில்தானே படகும் திரள்கிறது? இருப்பு குறைந்தாலும் சில காலம் அந்தக் கணக்கு குறையாமல் நிற்கும். விட்ட குட்டை மீனோ அடுத்த குளிர்காலத்தின் முன்னறிவிப்பு. தூண்டில்காரரின் நினைவை மட்டும் நம்பாமல், மாநில மீன்வளத் துறையின் சோதனைப் படகுகளும் அதே தூண்டிலைப் போட்டு, எத்தனை குட்டை, எத்தனை துடுப்பு வெட்டியவை என்று பார்த்துக்கொள்கின்றன.

நம் ஊர் மீன் இறங்குதளங்களிலோ கரைக்கு வந்த மீனைத்தான் எண்ணுகிறோம். வலையிலிருந்து கடலிலேயே வீசியதைப் பற்றி படகு கட்டும் ஓடாவியிடமோ ஏலக்காரரிடமோ கேட்டுப் பயனில்லை. படகில் போனவரைத்தான் கேட்க வேண்டும்.