மண்ணடியில் கேட்ட சத்தம்



காரைக்குடிப் பக்கத்து வாசகி ஒருவர் சென்ற மாதம் பழைய கடிதம் ஒன்றை உறையோடு எங்களுக்குக் கொண்டுவந்து காட்டினார். 1941-ல் ரங்கூன் கிட்டங்கியிலிருந்து அவருடைய தாத்தா வீட்டுக்கு எழுதியது. உறையின் ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்து, படித்துவிட்டு, மேலே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி மூடியிருக்கிறார்கள். தணிக்கையில் பிரிக்கப்பட்டது என்று அந்தப் பட்டையில் ஆங்கில அச்சு. பசை பழுப்பேறிக் கிடக்கிறது. உள்ளே சின்னவனுக்கு இருமல் நின்றதா, பசு கன்று போட்டதா என்ற விசாரிப்புகள். நடுவே இரண்டு வரிகள் மட்டும் கறுப்பு மையில் மூழ்கிவிட்டன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தேன். ஓர் எழுத்தும் தேறவில்லை. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக அந்த இரண்டு வரியை ஆளுக்கொரு விதமாக நிரப்பிப் படித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

அதே வருஷம் டிசம்பர் 23-ம் தேதி ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதற்குமுன் குண்டு விழுந்து பார்த்திராத ஊர். வானத்தில் வரிசையாக வந்ததை வேடிக்கை பார்க்க ஜனங்கள் தெருவில் வந்து நின்றார்கள். நின்ற இடத்திலேயே செத்தவர்கள் ஏராளம். இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடியும். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் எத்தனையோ ஆயிரம். அங்கே இடிந்த ஒவ்வொரு சுவருக்கும் இங்கே காத்திருந்த ஒரு வீடு இருந்தது.

ஆனால் இந்தியப் பாதுகாப்பு விதிகள் அமலில் இருந்த காலம் அது. அரசு விட்ட அளவுக்குத்தான் பத்திரிகையில் செய்தி. பாக்கியைக் கப்பல்கள் கொண்டுவந்தன. 1942-ன் தொடக்க மாதங்களில் ரங்கூனிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு அகதிகள் வந்து இறங்கினார்கள். கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் மலைகள் வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. காலில் செருப்பில்லாமல் இறங்கி வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்த பிறகு, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று அச்சிட்ட வரியை யார் நம்புவார்கள்? அந்த வருஷம் சென்னையைப் பிடித்து ஆட்டிய வதந்திகளை நான் குறை சொல்லமாட்டேன். சொல்லவேண்டியவர்கள் சொல்லாதபோது ஜனங்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டது அது.

பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு மீது குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ம் தேதி திருகோணமலையில். அதுவரை தைரியம் சொல்லிக்கொண்டிருந்த சென்னை அரசு ஜப்பானியக் கடற்படை இங்கேதான் வருகிறது என்று நம்பி, ஒரேயடியாகக் கலங்கிப்போனது. அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றார்கள். அலுவலகங்கள் உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. ஹைகோர்ட்டு கோயம்புத்தூருக்குப் போனது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையின் புலி, சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஏழேமுக்கால் லட்சம் ஜனத்தொகை கொண்ட பட்டணத்தில் தெருத்தெருவாகப் பூட்டுத் தொங்கியது. வாடகையே வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் கதை பல குடும்பங்களில் உண்டு. வரப்போகிறது என்ற கடற்படை வரவே இல்லை.

எங்கள் குடும்பமும் அப்படிக் கிளம்பியதுதான். அப்போது சென்னை மண்ணடியில் குடியிருந்தோம். என் பெரிய அத்தைக்கு ஆறு வயது. அவருக்கு இப்போது எண்பத்தொன்பது முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த நாளைக் கேட்டால் நேற்று நடந்ததுபோல் சொல்வார். பித்தளை அண்டாவுக்குள் அரிசி, அரிசிக்குள் புதைத்து வைத்த நகை, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு காஞ்சிபுரம்வரை போன பயணம். "எவாக்குவேஷன்" என்ற சொல் எங்கள் வீட்டில் தமிழாகவே ஆகிவிட்டது. எவாக்குவேஷன் வருஷம் என்றால் 1942, அவ்வளவுதான். தாத்தா மட்டும் வரவில்லை. அவர் ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணியில் சேர்ந்திருந்தார். இரவில் தெருவைச் சுற்றிவந்து, எந்த ஜன்னலிலாவது வெளிச்சம் கசிந்தால் கதவைத் தட்டி அணைக்கச் சொல்லும் வேலை. ஆறேழு மாதத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

குண்டு வந்தது அடுத்த வருஷம். 1943 அக்டோபரில் ஒரு இரவு, ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைக்கு மேலே வந்து குண்டு வீசிவிட்டுப் போனது. சேதம் பெரிதல்ல. முந்தைய வருஷம் வராத குண்டுக்காகப் பட்டணத்தையே காலி செய்ய வைத்தவர்கள், வந்த குண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்படி ஒன்று நடந்ததே இன்றும் நம்மில் பலருக்குத் தெரியாது.

துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது, குண்டு குறி தவறியதா என்பதெல்லாம் எதிரிக்குத் தெரியக்கூடாதுதான். போர்க்காலத்தில் அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வந்து போட்டுவிட்டுப் போனவனுக்குத் தான் எந்த ஊரின்மேல் பறந்தோம் என்று தெரியும். தெரியாமல் இருந்தது கூரைக்குக் கீழே படுத்திருந்தவர்களுக்கு. அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம். அந்த நினைப்பில்தான் எனக்கு வருத்தம். ரங்கூன் அகதிகளுக்குச் சோறு போட்ட ஊர், இருட்டடிப்பில் இரண்டு வருஷம் வாழ்ந்து பழகிய ஊர், உண்மையைத் தாங்காதா?

சென்ற வாரம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தபோது இந்தக் குண்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அந்தச் செய்தியே புதிது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஐப்பசி மாசம் மாதிரி ஞாபகம். ராத்திரி ஒரு பெரிய சத்தம். கண்ணாடி ஜன்னல் கடகடன்னு ஆடுச்சு. நான் எழுந்து அழுதேன். அப்பா வெளியிலேர்ந்து வந்து, இடிம்மா, ஒண்ணுமில்ல, தூங்குன்னு தட்டிக்குடுத்தாரு" என்றார்.

அது அந்த இரவுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சென்னையில் அந்த மாதம் இடிக்குப் பஞ்சமில்லை. தாத்தா காலமாகி ஐம்பது வருஷமாகிறது. கடைசிவரை அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை என்று அத்தை சொன்னார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, அன்னிக்கு மழை பேஞ்சுதான்னு எங்கியாவது எழுதி வெச்சிருப்பாங்களா?"

அன்புடன்,
ஆசிரியர்