எல்லையில் இரண்டு சம்பளம்

கோபாலபுரம் எல்லையில் அந்தப் பக்கம் நிற்பவரும் போலீஸ்காரர், இந்தப் பக்கம் நிற்பவரும் போலீஸ்காரர். சம்பளம் மட்டும் வேறு. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.18,200. கேரளத்தில் சிவில் போலீஸ் ஆபீசருக்கு ரூ.31,100. "எவ்வளவு வித்தியாசம், மாமா!" என்றான் எருத்தேன்பதியில் என் அக்காள் மகன்.

அவசரப்படாதே என்றேன். முதலாவது 2016-ஆம் ஆண்டுக் கணக்கு. இரண்டாவது 2019 கணக்கு. அதுவரையிலான பஞ்சப்படி அதிலேயே கரைந்துவிட்டது. 2019 ஜூலையில் தமிழ்நாட்டின் பஞ்சப்படி 17 சதவீதம், சேர்த்தால் ரூ.21,294. அப்போதும் கேரளம் ரூ.9,806 கூடுதல். பின்னர் கேரளத்தில் பஞ்சப்படித் தவணைகள் தாமதமாகவே வந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

வரி இதற்குக் காரணமல்ல. வருமான வரி நாடெங்கும் ஒன்றே. தொழில் வரி எங்கும் ஆண்டுக்கு ரூ.2,500-ஐத் தாண்டக் கூடாது. விலைவாசியும் காரணமல்ல, இரு பக்கமும் பொள்ளாச்சிக் காய்கறிதான். போலீஸ் மாநில அதிகாரத்தில் இருப்பதால் அந்தந்த அரசு வைத்ததே சம்பளம்.

ஆனால் ஐ.பி.எஸ். அதிகாரிக்கு எந்த மாநிலத்திலும் தொடக்கம் ரூ.56,100. மேலே ஒரே நாடு, கீழே மட்டும் எல்லைக்கோடா? கடைநிலைக் காவலருக்கும் நாடு முழுவதற்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும் என்பதே என் கருத்து. வாசகர்கள் என்ன சொல்கிறீர்கள்?