கிளாமர் என்றால் கவர்ச்சியா?

சென்னையில் ஓர் ஐ.டி. நிறுவனத்தின் ஆண்டு விழா. வழக்கமான சுடிதாருக்கு அன்று லீவு கொடுத்துவிட்டு, அம்மாவின் அரக்கு நிறக் காஞ்சிப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகையோடு வந்திருந்தார் அந்த இளம்பெண். லண்டனிலிருந்து வீடியோ காலில் பேசிய பெண் அதிகாரி அவரைப் பார்த்ததும், “யூ லுக் ஸோ கிளாமரஸ்!” என்றார். இளம்பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், அவருக்கு இன்னும் கோபம். “முழங்கை வரைக்கும் ஜாக்கெட், இழுத்துச் செருகின முந்தானை. இதுல என்னடி கிளாமரைக் கண்டா அவ?”

லண்டன் அதிகாரி மனதாரப் பாராட்டத்தான் செய்தார். அம்மாவின் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. இருவரும் சொல்வது ஒரே சொல்தான், பொருள்தான் வேறு.

தமிழ் சினிமாவில் ‘கிளாமர் ரோல்’, ‘கிளாமருக்கு நோ சொன்ன நடிகை’ என்றெல்லாம் படித்துப் படித்து, ஆடை குறைந்தால் கிளாமர் என்று நாம் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. பார்த்தவர் கண் அகலாதபடி ஒருவரிடமோ ஓர் இடத்திலோ ஒரு தொழிலிலோ இருக்கும் பளபளப்பான ஈர்ப்புதான் கிளாமர். கழுத்து வரை மூடிய உடையிலும் ஒருவர் கிளாமரஸாக இருக்கலாம். பட்டுப்புடவையும் நகையும் மல்லிகையும் அந்த அதிகாரியின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தன.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிட்டனில் ‘கிளாமர் மாடல்’ என்றால் அரைகுறை ஆடையில் போஸ் கொடுப்பவர். அது அந்தத் தொழிலுக்கான வழக்கு. விழாவுக்கு வந்தவரை ‘கிளாமரஸ்’ என்று பாராட்டும்போது அந்தப் பொருள் வராது.

இந்தச் சொல் பிறந்த கதையைக் கேட்டால் பள்ளிக்கூட ஆங்கில வாத்தியாரே ஆச்சரியப்படுவார். கிளாமரின் தாய், கிராமர். ஆம், நாம் பயந்து நடுங்கிய அதே இலக்கணம்தான்! இடைக்கால ஐரோப்பாவில் கிராமர் என்றால் லத்தீன் படிப்பு. பொதுவாகக் கல்வி என்றும் பொருள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு, புரியாத மொழியில் புத்தகம் வாசிப்பவர் மந்திரவாதி போலத் தோன்றினார். படிப்பைக் குறித்த சொல்லுக்கு மாந்திரீகம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்தில் அதன் ‘ர’ ஒலி ‘ல’வாக மாறி, கிராமர் கிளாமர் ஆயிற்று.

அங்கே கிளாமர் என்றால் கண்கட்டு வித்தை. இல்லாததை இருப்பதாகவும், சாதாரணமானதை அற்புதமாகவும் காட்டும் மந்திரம். ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட், 1805-ல் வெளியான ‘தி லே ஆஃப் தி லாஸ்ட் மின்ஸ்ட்ரல்’ என்ற நெடுங்கவிதை போன்ற தன் படைப்புகளில் இதைக் கையாண்டு, ஆங்கிலம் பேசும் உலகத்துக்கே பரிச்சயம் ஆக்கினார். பின்னாளில் ஹாலிவுட் தன் நட்சத்திரங்களின் ஜொலிப்புக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. நாம் அதைக் கோடம்பாக்கம் வழியாகப் பெற்றோம்.

ஈர்ப்பை மந்திரத்தோடு சேர்த்துப் பார்ப்பது நமக்கும் புதிதல்ல. வசீகரம், வசியம் இரண்டுமே ‘வசம்’ என்பதிலிருந்து வந்தவை. ‘சொக்குப்பொடி போட்டுட்டா’ என்று இன்றும் சொல்கிறோமே! கிளாமருக்கு நாம் சொல்லும் ‘கவர்ச்சி’யையும் சினிமா விட்டுவைக்கவில்லை. ஜவுளிக்கடை ‘கவர்ச்சிகரமான தள்ளுபடி’ தந்தால் சந்தோஷப்படுகிறோம். அதே சொல்லை ஒரு பெண்ணுக்குப் போட்டால் முகம் சுளிக்கிறோம்.

பழைய மந்திரப் பொருள் இன்றைய ஆங்கிலத்திலும் மறையவில்லை. கிளாமரில் எப்போதும் ‘தூரத்துப் பச்சை’ வாடை லேசாக வீசும். விமானப் பணிப்பெண் வேலையை ‘கிளாமரஸ் ஜாப்’ என்பார்கள். இரவெல்லாம் நின்று கால் வீங்குவது வெளியே தெரியாது. ‘கிளாமரைஸ்’ என்ற வினைச்சொல்லில் இது இன்னும் தெளிவு. புகைபிடிப்பதையும் வன்முறையையும் படங்கள் ‘கிளாமரைஸ்’ செய்வதாகச் சொன்னால், கெட்டதை அழகாகக் காட்டி மயக்குவதாக அர்த்தம். ஹீரோ ஸ்டைலாகப் புகைவிடும்போது திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் வருவது, அந்தக் கண்கட்டை அவிழ்க்கத்தான்.

எங்கே பயன்படுத்தலாம்? விழாக்கோலத்தில் ஜொலிப்பவரை ‘கிளாமரஸ்’ எனலாம். ஆணுக்கும் பொருந்தும். தவழும் குழந்தைக்குப் பொருந்தாது, அதற்கு ‘கியூட்’. பழகும் விதத்தால் மனதைக் கவர்பவர் ‘சார்மிங்’. எழுதும்போது ஒரு எச்சரிக்கை: கிளாமரில் ‘ஓ’வுக்குப் பிறகு ‘யு’ உண்டு, கிளாமரஸ் என்று நீளும்போது அந்த ‘யு’ காணாமல் போய்விடும்.

கிளாமருக்கு எதிர்ப்பதமாக நம் சினிமா வைத்திருக்கும் ‘ஹோம்லி’யிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இங்கே அது குடும்பப்பாங்கு. மணமகள் தேவை விளம்பரத்தில் தவறாமல் இடம்பிடிக்கும். பிரிட்டனில் ஒரு வீட்டையோ விடுதியையோ ‘ஹோம்லி’ என்றால் சொந்த வீடு போல இதமானது என்று பொருள். அமெரிக்காவில் ஒரு பெண்ணை ‘ஹோம்லி’ என்றால், பார்க்க லட்சணமாக இல்லை என்று அர்த்தம்! அமெரிக்க அலுவலக நண்பரிடம் ‘என் மனைவி ரொம்ப ஹோம்லி’ என்று பெருமைப்படுபவர், அவர் முகம் போகும் போக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் மகள் விளக்கியதும் அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்தப் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே கேட்டார்: “அப்போ, உன் கல்யாண விளம்பரத்துல ஹோம்லின்னு போட்டிருக்கோமே… அமெரிக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரும் போன் பண்ணாதது அதனாலதானா?”