டீசலின் மலிவுக்கு யார் விலை கொடுப்பது?

கார் வாங்கப் பேச்செடுக்கும் வீடுகளில் ஒரு வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது: "டீசல் வண்டி விலை கொஞ்சம் கூடத்தான்; ஆனால் ஓட்டுகிற செலவில் பிடித்துவிடலாம்." 2012-ல் இது கெட்டிக்காரப் பேச்சு. இன்று அலுவலகம், பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று நகருக்குள்ளேயே சுற்றும் குடும்பத்துக்கு இது நஷ்டக் கணக்கு. மாதம் 2,000 கிலோமீட்டராவது ஓடாத, அதிலும் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓடாத காருக்கு டீசல் வேண்டாம் என்பதே நம் கருத்து.

அந்தப் பழைய கணக்கு எப்படி உருவானது என்று பார்த்தால், அது ஏன் செத்துவிட்டது என்பதும் விளங்கும். லாரி, பேருந்து, விவசாயப் பம்புசெட் ஆகியவற்றை மனத்தில் வைத்து டீசல் விலையை அரசு அடக்கி வைத்திருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியபோதும் டீசலை விடவில்லை. 2012-ல் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் லிட்டருக்கு 30 ரூபாயைத் தாண்டியது. விவசாயிக்கென்று கொடுத்த சலுகையில் சொகுசுக் கார்களும் ஓடின. விற்பனையான கார்களில் ஏறத்தாழ பாதி டீசலாயின. டீசல் கார் ஒவ்வொன்றுக்கும் 80,000 ரூபாய் கூடுதல் வரி போடலாம் என்று கிரித் பாரிக் குழு 2010-லேயே பரிந்துரைத்தது. அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதாவது, டீசல் காரில் மிச்சமான பணம் கார்க்காரரின் சாமர்த்தியத்தால் வந்ததல்ல. பொதுப் பணத்திலிருந்து வந்தது.

2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 காசு வீதம் விலை ஏற்றப்பட்டு, 2014 அக்டோபரில் டீசலும் சந்தை விலைக்குப் போனது. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைக்கப்பட்ட பிறகு, சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேலும் டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேலுமாக நின்றன. 30 ரூபாய் இடைவெளி எட்டு ரூபாய்க்குச் சுருங்கிவிட்டது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் வரி குறைத்ததும் இந்தச் சுருக்கத்துக்கு ஒரு காரணம்.

இந்த விலையில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர அளவுள்ள ஒரு கார் நகர நெரிசலில் லிட்டர் பெட்ரோலுக்கு 14 கிலோமீட்டரும் லிட்டர் டீசலுக்கு 18 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு மிச்சம் இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல். ஆன்ரோடு விலையில் டீசல் ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால், அதை எடுக்க 72,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக் காருக்கு ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். வங்கித் தவணையே அதற்குள் முடிந்துவிடும். மாதம் 2,000 ஓடினால் மூன்றே ஆண்டில் முதல் திரும்பும். கூடுதல் கடனுக்கான வட்டியையும் சர்வீஸ் செலவையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும்.

ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்லாத செலவு ஒன்றும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) புகைக் கட்டுப்பாட்டு விதியால், டீசல் கார்களின் புகைப்போக்கிப் பாதையில் டி.பி.எஃப். என்னும் வடிகட்டி இடம்பிடித்தது. கரித்துகளைப் பிடித்து வைத்து, பிறகு எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் கருவி அது. எரிவதற்கு ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். தொடர்ந்து சீரான வேகத்தில் ஓடினால்தான் அது கிடைக்கும். காலையில் நாலு கிலோமீட்டர், மாலையில் நாலு கிலோமீட்டர் என்று சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டியில் கரி அடைத்துக்கொண்டே போகும். முதலில் எச்சரிக்கை விளக்கு எரியும். கண்டுகொள்ளாவிட்டால் இழுவை குறையும். அப்புறம் சர்வீஸ் நிலையம்தான். வடிகட்டியையே மாற்ற நேர்ந்தால், டீசலில் மிச்சம் பிடித்த பணம் ஒரே பில்லில் கரையும்.

டீசலுக்காகப் பேசுவோரிடமும் நியாயம் உண்டு. இழுவையில் அதற்கு ஈடில்லை. ஏழு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறியவர்களுக்கு அது தெரியும். கிலோமீட்டருக்கு வெளிவிடும் கரியமில வாயுவும் பொதுவாகப் பெட்ரோலைவிடக் குறைவு. பி.எஸ். 4 காலத்தில் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடு, பி.எஸ். 6-ல் 80-க்கு இறங்கிவிட்டது. ஆனால் பெட்ரோலுக்கான வரம்பு 60. டீசலின் எண் குறைந்திருப்பதும் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் ஒழுங்காக வேலை செய்யும் வரைதான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதிசெய்தது. சோதனைச்சாலையில் நல்லபிள்ளையாகவும் சாலையில் வேறாகவும் நடந்துகொள்ளும் மென்பொருளை ஃபோக்ஸ்வேகன் உலகெங்கும் 1.1 கோடி டீசல் வண்டிகளில் வைத்திருந்தது 2015-ல் அம்பலமானது. நம் ஊர்ப் புகைப் பரிசோதனை மையங்களோ டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடு அங்கே கணக்கிலேயே வராது. சலுகை போன பிறகும், டீசலின் விலையில் ஒரு பங்கைத் தெருவில் நடப்பவரின் நுரையீரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கார் கம்பெனிகளே காற்று வீசும் திசையைப் பார்த்துவிட்டன. மாருதி சுசூகி 2020-ல் டீசலைக் கைவிட்டது. ஹோண்டா 2023-ல் விலகியது. மஹிந்திரா, டாடா, ஹூண்டாய், கியா, டொயோட்டா போன்ற சில மட்டும் களத்தில் நிற்கின்றன. டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் வழிமொழிந்தது; 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்றது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் 2027-க்குள் டீசல் கார்களை நிறுத்தலாம் என்று 2023-ல் பெட்ரோலிய அமைச்சகக் குழு ஒன்று பரிந்துரைத்தது. அதன் கதி என்னவென்று வாங்குவோருக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அப்படித் தடை இல்லை. ஆனால் இன்று வாங்கும் வண்டியை எட்டு ஆண்டு கழித்து செகண்ட் ஹேண்டில் விற்கப்போகிறவர் இந்த நிச்சயமின்மைக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்.

அப்படியென்றால் டீசல் யாருக்கு? வாரந்தோறும் மதுரைக்கும் சென்னைக்கும் ஓடும் வியாபாரிக்கு, டிராவல்ஸ் நடத்துவோருக்கு, மலைப்பகுதியில் பாரம் ஏற்றிப் போகிறவருக்கு. அவர்களுக்கு அது தொழில் கருவி. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மத்திய அரசு செய்ய வேண்டியது மூன்று. டீசல் கார்களின் எதிர்காலத்தை நீதிமன்ற உத்தரவுகளுக்கும் குழு அறிக்கைகளுக்கும் விட்டுவிடாமல், நாடு முழுவதற்கும் ஒரே கால அட்டவணையை அறிவிக்க வேண்டும். வண்டியின் வயதைப் பார்த்து ஓரங்கட்டுவதற்குப் பதிலாக, நைட்ரஜன் ஆக்சைடையும் வடிகட்டி ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் அளக்கும் பரிசோதனையைக் கொண்டுவர வேண்டும். "மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள், எங்கே ஓட்டுவீர்கள்" என்று கேட்டு, வடிகட்டியைப் பற்றி எழுத்தில் விளக்கிய பிறகே டீசல் காரை விற்கும் கடமை விற்பனையாளருக்கு வேண்டும்.

வாங்குகிறவர் அதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. இப்போது இருக்கும் வண்டியின் மீட்டரைப் பார்த்து, ஓராண்டு ஓட்டத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் போதும். வரும் எண் 2,000-க்குக் கீழ் என்றால், டீசலில் மிச்சமாகும் என்று சொல்பவர் அண்டை வீட்டுக்காரராக இருந்தாலும், மைத்துனராக இருந்தாலும், புன்னகைத்துவிட்டுப் பெட்ரோல் காரை முன்பதிவு செய்யலாம்.